வீடும் மனுவும்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு வழியாகத் திருச்சூர் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் கோவிந்தாபுரத்தை அறிவார்கள். அறிவார்கள் என்பதைவிடக் கடந்து போயிருப்பார்கள் என்பதே பொருந்தும். தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் அது. சோதனைச் சாவடி, வரிசையாக நிற்கும் லாரிகள், தேநீர்க் கடைகள், அவற்றுக்கு அப்பால் மாந்தோப்புகள், தெற்கே ஆனைமலைத் தொடர்: வண்டி நிற்கும் சில நிமிஷங்களில் கண்ணிற் படுவது இவ்வளவே. ஊர், பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில், முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. முதலமடை மாம்பழம் நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு முன்பே காய்த்துச் சந்தைக்கு வருவது. டில்லியிலும் பம்பாயிலும் இருக்கும் நம் நேயர்களிற் சிலர், ஆண்டின் முதல் மாம்பழத்தை இவ்வூர்த் தோப்பிலிருந்தே பெற்றிருக்கக் கூடும்.

இவ்வூரைப் பற்றி வேற்று மாநிலத் தமிழர்களுக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். வேற்று மாநிலத் தமிழர் என்றவுடன், வேலை தேடி ரயிலேறிப் போனவர்களையே நாம் நினைக்கிறோம். ரயிலேறாமலேயே வேற்று மாநிலத்தவர் ஆனவர்களும் உண்டு. முன்னாளில் சென்னை மாகாணத்துப் பாலக்காடும் கொச்சி சமஸ்தானத்துச் சித்தூரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த பூமி இது. கோவைச் சீமையிலிருந்து உழவுக்கும் கூலிக்கும் குடிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே தமிழ் பேசி வாழ்ந்தார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலம் பிறந்தபோது, இருந்த இடத்திலிருந்து ஓர் அடியும் பெயராத இவர்கள் மொழிச் சிறுபான்மையினர் ஆனார்கள். பிலாயிலோ புனாவிலோ அலுவலகத்து வாசலில் நம் நேயர் ஒருவர் படும் சங்கடம் எதுவோ, அதே சங்கடத்தை இவர்கள் பிறந்த வீட்டுத் திண்ணையிலேயே படுகிறார்கள்.

2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோவிந்தாபுரத்தின் பெயர் செய்தித்தாள்களில் வந்தது. அங்குள்ள அம்பேத்கர் காலனியில் வசிப்போரில் பலர், பதிவேடுகளில் சக்கிலியர் என்று குறிக்கப்படும் அருந்ததிய மக்கள். வீட்டு மொழி தமிழ். தேநீர்க் கடையில் தங்களுக்குத் தனிக் குவளை, தண்ணீருக்குத் தனித் தொட்டி என்று ஜாதி வேற்றுமை நிலவுவதாக அவர்கள் முறையிட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். தலைவர்கள் வந்தார்கள்; சமபந்தி போஜனம் நடந்தது. தீண்டாமை என்னும் பெருஞ்செய்தியின் நிழலில் இன்னொரு முறையீடும் இருந்தது. அதைக் கவனித்தவர் குறைவு. வீடு கட்டுவதற்கான அரசாங்க உதவி தங்களை வந்து சேரவில்லை என்பதும், இடிந்து கொண்டிருக்கும் ஒரே கூரைக்குக் கீழே பல குடும்பங்கள் அடைந்து கிடக்கின்றன என்பதுமே அம்முறையீடு. சமபந்தி ஒருநாளில் நடந்து முடிந்துவிடும்; கூரை அப்படியல்ல. ஆகவே இன்று கூரையைப் பற்றிப் பேசுவோம்.

பணம் இல்லாமையால் அந்த உதவி வராமற் போயிற்று என்று சொல்வதற்கில்லை. கிராமத்து ஏழைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1957இல் தொடங்கிய கிராம வீட்டுத் திட்டம் கடனாகவே பணம் தந்தது. ஏழை அதன் அருகே செல்ல அஞ்சினான். 1985-86இல் இந்திரா ஆவாஸ் யோஜனா மானியமாகத் தரத் தொடங்கிற்று. 1996 முதல் அது தனித் திட்டமாயிற்று. 2016இல் அதற்குப் பதிலாகப் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் கிராமப் பிரிவு வந்தது. அதன்படி சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். மத்திய அரசாங்கம் நூற்றுக்கு 60, மாநில அரசாங்கம் 40 என்று பங்கு. சமையலிடம் உட்பட வீட்டின் பரப்பு 25 சதுர மீட்டருக்குக் குறையலாகாது. மொத்த இலக்கில் 60 விழுக்காடு பட்டியல் ஜாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட வேண்டும்.

கேரளமோ இவ்விஷயத்தில் மூத்த அனுபவசாலி. 1972இல், அச்சுத மேனோன் முதலமைச்சராக இருந்த காலத்தில், வீட்டு வசதி அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயர் தொடங்கிய லட்சம் வீட்டுத் திட்டம் இந்தியா முழுவதும் பேசப்பட்டது. பஞ்சாயத்துதோறும் நிலம் தேடி, நிலமற்ற கூலிக்காரனுக்கு வீடு என்று புறப்பட்ட திட்டம் அது. செலவைச் சுருக்குவதற்காக இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு பொதுச்சுவர் வைத்துக் கட்டினார்கள். ஒரு தலைமுறை கழிந்தபின், பக்கத்து வீட்டுக்காரன் இசையாமல் தன் வீட்டைப் பிரித்துக் கட்ட இயலாது என்னும் தொல்லை அந்தச் சுவரிலிருந்தே முளைத்தது. அந்த இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக்கப் பிற்பாடு தனியே திட்டம் போட வேண்டியதாயிற்று. 2016இல் வந்தது லைஃப் இயக்கம். வீடொன்றுக்கு 4,00,000 ரூபாய். தொலைவிலுள்ள பழங்குடிக் குடியிருப்புகளில் 6,00,000. மத்திய அரசாங்கம் தரும் தொகைக்கு மேல் மீதத்தை மாநிலமும் பஞ்சாயத்தும் கடனுமாகச் சேர்த்து நிரப்புகிறார்கள். இத்திட்டத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்துள்ளன. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறது. மத்திய அரசாங்கத்தின் சின்னத்தை வீட்டுச் சுவரில் பொறிக்க வேண்டும், பொறிக்க முடியாது என்று மத்திய சர்க்காருக்கும் கேரள சர்க்காருக்கும் சில ஆண்டுகளுக்கு முன் வாக்குவாதம் நடந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். சுவரில் எழுதுவதற்கு அந்த வீட்டுக்காரனின் பெயரே போதும் என்பது நம் எண்ணம்.

இவ்வளவு பணமும் திட்டமும் இருக்க, ஒரு குடும்பம் விடுபடுவது எப்படி? அதற்கு வாயில்கள் பல. மத்திய திட்டத்துக்கு அடிப்படை 2011இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு. கணக்கெடுப்பாளர் வந்த நாளில் அறுவடைக் கூலிக்கு அக்கரை போயிருந்தவர்கள் ஏட்டில் ஏறவில்லை. கூலிக்குப் போக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் வசதியுள்ளவன் என்று விலக்கப்பட்டான். 2024இலேதான் அந்த விலக்கு நீங்கிற்று. லைஃப் திட்டத்தின் கணக்கோ ரேஷன் அட்டையின் மீது நிற்பது. அட்டை ஒன்றுக்கு வீடு ஒன்று. தகப்பன், மணமான இரு மகன்கள், விதவையான மகள் என நான்கு அடுப்புகள் எரியும் வீட்டில் அட்டை ஒன்றுதான் என்றால் சர்க்கார் கணக்கில் அது ஒரே குடும்பம். அம்பேத்கர் காலனியில் சொல்லப்பட்ட பல குடும்பங்கள் ஒரே கூரை என்னும் நிலையை இந்த விதியோடு வைத்துப் பாருங்கள். நெருக்கடி மிகுந்த வீடு எதுவோ, அதற்கே உதவி சுருங்குகிறது. நிலம் வேறு. வீட்டுப் பணம் நிலமுள்ளவனுக்கே முதலில் பயன்படும். நிலமில்லாதவனுக்கு என்று தனிப் பட்டியல் இருந்தாலும், அது மெல்ல நகரும் பட்டியல்.

பட்டியல் என்றோம். மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட நமக்கு, இனி வரும் வாயிலே மற்றவற்றைவிடக் கண்ணை உறுத்துகிறது. பஞ்சாயத்து அலுவலகத்தின் பலகையில் மலையாளத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்படுகிறது. அதைத் தமிழர் ஒருவருக்கு யாரோ வாசித்துக் காட்டுகிறார்கள் என்று கொள்வோம். மலையாளத்தில் முதல் வரைவுப் பட்டியலுக்குக் கரட்டுப் பட்டிக என்று பெயர்; நம் காதில் கரடு முரடு என்று விழுகிறது. முடிவான பட்டியல் அந்திமப் பட்டிக. அந்திமக் கிரியையை அறிந்த நம் கிழவிக்கு அந்தச் சொல் நல்ல சகுனமாகத் தோன்றாது. அவகாசம் என்றால் அங்கே உரிமை. நமக்கோ கெடு, அல்லது ஓய்வு நேரம். உரிமையை நிலைநாட்ட வரச்சொன்ன அறிவிப்பை, கால நீட்டிப்பு என்று எண்ணி வீட்டில் இருந்துவிட்டால் பட்டியல் மூடிவிடும். வரி நிலுவைக்குக் குடிசிக என்கிறார்கள். குடிசைக்கு ஏதோ தருகிறார்கள் என்று நாம் நினைத்துப் போனால் வரி கேட்பார்கள். நிலையாக ஓரிடத்தில் வசிப்பதற்கு ஸ்திர தாமஸம் என்பது பெயர். ஸ்திர தாமஸச் சான்று வாங்கி வா என்று சொல்லும்போது, தாமசம் என்பதைத் தாமதம் என்றே அறிந்த நம் விவசாயி, வீட்டுத் திட்டத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர் என்று சிரித்தால் அவன் மேல் குற்றமில்லை. மலையாளத்தில் அனுவாதம் என்பது அனுமதி. ஹிந்தியில் அதுவே மொழிபெயர்ப்பு. டில்லி அலுவலகத்தில் இருந்து கொண்டு நாம் நாள்தோறும் அனுவாதம் செய்கிறோம். ஆனால் ஒருவருக்கும் ஒன்றையும் அனுமதித்ததில்லை.

வேடிக்கையாகச் சொன்னோம். வேடிக்கை அல்லாத பகுதி பெயர்களில் இருக்கிறது. விண்ணப்பங்கள் இப்பொழுது கணினி வழியாகப் போகின்றன. ஊரிலுள்ள அட்சய மையத்தில் கொடுத்து நிரப்புகிறார்கள். கந்தசாமி என்னும் பெயர் ஆங்கில எழுத்தில் ஏறி, அங்கிருந்து மலையாளத்தில் இறங்கும்போது கண்டசாமி ஆகிவிடலாம். ஆதாரில் ஒன்று, ரேஷன் அட்டையில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று என்று மூன்று சாமிகள் தோன்றிவிட்டால், தவணைப் பணம் எந்தச் சாமிக்கும் போகாது. அஸ்திவாரம், சுவர், கூரை என்று படிப்படியாக, வீட்டைப் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்தபின் நேரே வங்கிக்கு வரும் பணம் அது. அஸ்திவாரத்தோடு நின்றுபோன வீடுகள் எல்லாம் குடித்தழித்தவர்களின் வீடுகள் என்று ஊர் பேசும். பெயரில் ஓர் எழுத்துப் பிசகி நின்ற வீடும் அவற்றில் இருக்கும்.

இதற்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதை அறிந்தவர் மிகச் சிலர். நம் அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு, குறையைத் தீர்க்கக் கோரும் எந்த மனுவையும், மத்திய அதிகாரிக்கானால் ஒன்றியத்திலும், மாநில அதிகாரிக்கானால் அம்மாநிலத்திலும் வழங்கும் எந்த மொழியிலும் தர ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. கேரளத்தில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டின் அரசு மொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினரும் கன்னடச் சிறுபான்மையினரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மை மொழிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம் என்று சொல்லுகிறது. எழுதலாம் என்பதோடு நிற்கவில்லை. விடையும் அம்மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. 1956இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மொழிச் சிறுபான்மையினருக்கெனத் தனி அதிகாரி ஒருவரையும் நியமிக்க வழி செய்தார்கள். ஆனால், நேயர்களே, விடை தமிழில் வர வேண்டுமானால் முதலில் மனு தமிழில் போக வேண்டும். உடைந்த மலையாளத்தில் பிறர் எழுதிக் கொடுத்த தாளில் கைநாட்டு வைத்துவிட்டால், அலுவலகத்தின் கண்ணில் தமிழர் ஒருவரும் அங்கு விண்ணப்பிக்கவே இல்லை. தமிழ் மனு வராத அலுவலகத்தில் தமிழ் அறிந்த குமாஸ்தா எதற்கு என்று மேலிடத்தில் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கும்.

மொழி ஒரு புறமிருக்க, ஜாதிச் சான்றும் ஒரு முட்டுக்கட்டை. கோவிந்தாபுரத்து மக்களைக் காட்டிலும் இடுக்கி மலைத் தமிழர்கள் இதனால் மிகுதியும் அல்லற்படுகிறார்கள். பட்டியல் ஜாதி என்பது ஒவ்வொரு மாநிலத்தையும் சார்ந்த விஷயம். 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்த நாளில் குடும்பம் எங்கே இருந்தது என்பதே கேள்வி. அதன் பின் வேற்று மாநிலத்தில் குடியேறியவர், அங்கும் அதே ஜாதியின் பெயர் பட்டியலில் இருந்தாலும், அம்மாநிலத்தின் சலுகையைக் கோர இயலாது என்பது உச்சநீதிமன்றம் 1990இலும், மறுபடி 2018இலும் உறுதி செய்த நெறி. தேயிலைத் தோட்டத்துக்குப் பாட்டனார் 1949இல் வந்தாரா, 1951இல் வந்தாரா என்பதற்குப் பேரன் இன்று தோட்டத்தின் பழைய சம்பளப் புத்தகத்தைத் தேடுகிறான். தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் ஏ. ராஜாவின் வழக்கிலும் இந்த 1950 பற்றிய வாதம் எழுந்தது. கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் அவர் தேர்தல் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் அத்தீர்ப்பைத் தள்ளி அவர் பதவியை நிலைநிறுத்திற்று. சட்டமன்ற உறுப்பினருக்கு வழக்காட வழி இருக்கிறது. கொழுந்து பறிப்பவளுக்கு?

அவளுடைய வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில் ஓர் அறை அவளுக்கு உண்டு. வேலை உள்ளவரையில் உண்டு. 1951இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடு வேலையோடு கட்டுண்டு போயிற்று. முப்பது நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெறும் நாளில் அவளுக்கு நிலமில்லை, சொந்த முகவரியில்லை. நிலமில்லாததால் வீட்டு மானியத்துக்கு முன்வரிசையில் நிற்கவும் முடியாது. ஆகவே பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலையிலேயே இருந்தாக வேண்டும். லயத்து அறைக்காகவே ஒரு தலைமுறை மலையை விட்டு இறங்காமல் இருக்கிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளும். வீடிழந்து பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் அரசாங்கம் நிலம் தந்தது. தோட்டக் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. அந்த எட்டு வீடுகளுக்குத் தனிப் பட்டா வந்தது மலை சரிந்த பிறகு. சரியாத மலைகளின் லயங்களில் இருப்போர் இன்னும் நிலத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

மீண்டும் பாலக்காட்டு எல்லைக்கு இறங்குவோம். முதலமடைப் பஞ்சாயத்திலேயே மற்றொரு விந்தை இருக்கிறது. பறம்பிக்குளம் இப்பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்குள்ள பழங்குடி மக்கள் தங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வரத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சேத்துமடை வழியாகச் சுற்றி மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து வர வேண்டும். வார்டு உறுப்பினரைப் பார்க்க இரண்டு மாநிலங்களைக் கடக்கும் குடிமக்கள் வேறெங்கும் உண்டோ என்று தெரியவில்லை. 2020இல் அம்மக்களே செம்மணாம்பதிப் பக்கம் இறங்கக் காட்டுக்குள் வழி வெட்டத் தொடங்கினார்கள். சாலை கேட்டு மனுக் கொடுத்து அலுத்தவர்கள் அரிவாளும் மண்வெட்டியுமாகப் புறப்பட்டபின்தான் அதிகாரிகளுக்கு அந்த வழி கண்ணில் தென்பட்டது. வனச் சட்டத்தின் சிக்கல்கள் உண்டு. அவற்றை நாம் லேசாகச் சொல்லவில்லை.

சிறுதொழிலுக்கான உதவியைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுவோம். ஏனெனில் வீட்டைவிட இதில் ஏமாற்றம் சீக்கிரம் வந்துவிடுகிறது. 2015இல் தொடங்கிய முத்ரா கடனில், ஈடு கேளாமல் 50,000 ரூபாய் வரை முதற்படி; அதற்கு மேல் 5 லட்சம், 10 லட்சம் என்று படிகள்; முன் கடனை ஒழுங்காகத் தீர்த்தவர்களுக்கு 2024 முதல் 20 லட்சம் வரை. இது கடன்; மானியம் அன்று. மானியம் உள்ளது 2008இல் வந்த பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில். இரண்டு லட்சம் ரூபாயில் தையற்கடையோ மாங்காய் ஊறுகாய்த் தொழிலோ தொடங்கும் கிராமத்துப் பெண் ஒருத்தியை எடுத்துக் கொள்வோம். சிறப்புப் பிரிவினர் ஆகையால் அவள் கைப்பணம் நூற்றுக்கு ஐந்து, அதாவது 10,000. மீதி 1,90,000ஐ வங்கி கொடுக்கும். மானியம் நூற்றுக்கு 35, அதாவது 70,000. இந்த எழுபதினாயிரத்தை அவள் கையில் ஒருவரும் தருவதில்லை. அது அவள் பெயரால் வங்கியில் மூன்றாண்டு வைப்பாக இருந்து, தொழில் நடந்து வந்தால் பிறகு கடனில் கழிக்கப்படும். மானியம் வந்ததா, ஏன் தரவில்லை என்று வங்கி வாசலில் சச்சரவு செய்தவர்களையும், அதைப் பெற்றுத் தருகிறேன் என்று கமிஷன் வாங்கிய தரகர்களையும் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தரகனுக்குக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஒரு செய்தி தமிழில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தால் போதும்.

2017இல் கிளம்பிய தேநீர்க் குவளைப் பேச்சுக்கு இங்கே திரும்ப வேண்டியிருக்கிறது. காலனியிலுள்ள ஒருத்தி கடன் வாங்கித் தேநீர்க் கடை வைத்தால், அவள் கையால் ஊற்றிய தேநீரை ஊரார் குடிப்பார்களா? குடிக்காவிட்டால் அந்தக் கடன் என்னாகும்? வங்கியின் படிவத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. நல்ல வீடு கட்டிக் கொடுத்தாலும், அந்த வீடு ஊருக்கு வெளியே அதே வரிசையில்தான் எழும்புகிறது. இதை உணர்ந்து செய்த முயற்சி என்று நாம் மதிப்பது, மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் தமிழ்நாடு தொடங்கிய சமத்துவபுரம். நூறு வீடுகள், ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 25, ஏனையோர் 10, எல்லோரும் கலந்து குடியிருக்க வேண்டும். அதிலும் குறைகள் பேசப்பட்டன. ஆயினும் வீடு எங்கே அமைய வேண்டும் என்பதை ஒரு கேள்வியாக அது எழுப்பிற்று. மற்றத் திட்டங்கள் எவ்வளவு, எத்தனை சதுர அடி என்பவற்றோடு நின்றன.

அண்மையில் இரு மாநிலங்களும் சொல்லளவில் ஒரு மாற்றம் செய்திருக்கின்றன. 2024 ஜூன் மாதத்தில், கேரள அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகுமுன் பிறப்பித்த ஆணையால், பட்டியல் ஜாதியினர், பழங்குடியினர் குடியிருப்புகளைக் காலனி என்று அழைப்பது நிறுத்தப்பட்டது. நகர் முதலிய பெயர்கள் வந்தன. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், அரசாங்க ஆவணங்களிலிருந்து காலனி என்னும் சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. சொற்களோடு இருபது ஆண்டாக உழலும் நாம் அப்படிக் கேட்க மாட்டோம். முகவரியில் காலனி என்று எழுதியவுடன் வேலை கொடுப்பவனின் முகம் மாறுவதை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். பெயர் நகர் ஆன பின்னும் தண்ணீர்க் குழாய் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டியதும் உண்மையே.

நேயர்களில் பலருக்கு ஊரில் தாய் தகப்பன், உடன்பிறந்தார் இருப்பார்கள். சிலருக்கு எல்லைப்புறத்து ஊர்களிலேயே இருப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சிலவற்றைச் செய்து கொடுக்கலாம். வீட்டில் தனி அடுப்பு வைத்துள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி ரேஷன் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அதைப் பிரிக்க மனுக் கொடுத்த பிறகு மற்றவற்றைத் தொடங்குங்கள். ஆதார், அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாக உள்ளதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கேரளத்தில் இருப்பவர்கள் கிராம சபை எந்த நாளில் கூடுகிறது என்று வார்டு உறுப்பினரிடம் கேட்டு, வரைவுப் பட்டியல் படிக்கப்படும் நாளில் அங்கே இருக்கச் சொல்லுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டிய காலம் அதுவே. மனுவைத் தமிழில், ஒரு விஷயத்துக்கு ஒரு தாள் என்று, இரண்டு பிரதி எழுதுங்கள். மேலே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டுத் தமிழிலேயே விடை வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றொன்றில் அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். அதை அரிசிப் பானையில் வைத்தாலும் சரி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாலும் சரி. மழைக்கு ஒழுகாத இடமாக இருக்கட்டும்.